சட்டைப் பைக்கு ஒரு கத்தி

கொழும்பில் மடக்குக் கத்தி வாங்கப் புறப்படுகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை அங்குலம் வரைக்கும் சட்டம் விடும்?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இரவு பத்து மணிக்குக் காலி வீதியில் பையைத் திறந்து காட்டச் சொல்கிற பொலிஸ்காரரிடம் அடிமட்டம் இருப்பதில்லை. கத்தி எப்படிப்பட்டது, எங்கே வைத்திருந்தீர்கள், கேட்டதும் என்ன பதில் சொன்னீர்கள் என்பதைத்தான் அவர் பார்ப்பார். ஆகவே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிற வாசகருக்கு நான் சொல்லும் முதல் விதி இதுதான்: நீங்கள் வாய் திறக்கும் முன்பே "நான் வேலைக்கான சாமான்" என்று தன் தோற்றத்தாலேயே சொல்லிவிடுகிற கத்தியை வாங்குங்கள். அளவு, பூட்டு, நிறம், விலை எல்லாம் இந்த விதிக்குப் பின்னால்தான் வரும்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். வீட்டுக்கு வெளியே கத்தி கொண்டு திரிவதைக் கட்டுப்படுத்தவென்றே பிரித்தானியர் காலத்துக் கட்டளைச் சட்டம் ஒன்று நம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. தொழிலுக்காகத் தினமும் பெரிய கத்தி காவ வேண்டியவர்கள் ஒரு சட்டத்தரணியைக் கொண்டு அதை வாசித்துப் பார்ப்பது நல்லது; ஒரு மணி நேர வேலை. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை வேறு விதமாகப் பேசுகிறது. அதன் 314 ஆம் பிரிவு ஒருவருக்கு வேண்டுமென்றே காயம் விளைவிப்பதைப் பற்றியது. அதே காயம் குத்தும் அல்லது வெட்டும் கருவியால் வந்தால் 315 ஆம் பிரிவுக்குப் போய்விடும், தண்டனையும் ஏறும். கைகலப்பு ஒன்றில் சட்டைப் பையில் இருந்த கத்தி வெளியே வந்தால் வழக்கின் நிறமே மாறிவிடும். கத்தி ஒன்றரை அங்குலம்தான் என்பது அங்கே கைகொடுக்காது.

பலருக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 32 ஆம் பிரிவு, பிடியாணை இல்லாமல் யாரைக் கைது செய்யலாம் என்று வரிசைப்படுத்துகிறது. தக்க காரணம் இல்லாமல் வீடுடைக்கும் கருவி வைத்திருப்பவரும் அந்த வரிசையில் இருக்கிறார். காரணம் இருந்தது என்று காட்டும் பொறுப்பு அவருடையதே. குறடு, திருப்புளி, அரம் எல்லாம் ஒன்றாக மடிந்திருக்கிற கனமான பல்கருவிகளை ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். மின்னிணைப்பு வேலை செய்பவரின் இடுப்பில் அது பகலில் இயல்பாக இருக்கும். அதையே காவிக்கொண்டு நள்ளிரவில் ஒழுங்கைக்குள் நடந்து வருகிறவரிடம் கேள்வி கேட்பார்கள், கேட்கத்தான் செய்வார்கள்.

2019 ஏப்ரல் 21 ஐ இந்த நகரத்தில் யாரும் மறக்கவில்லை. கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த நாள். அடுத்த நாட்களில் நாடு முழுவதும் தேடுதல் நடந்தது. மே மாதத் தொடக்கத்தில், பாடசாலைகள் திரும்பத் திறக்கவிருந்த வார இறுதியில், வீடுகளில் இருக்கிற வாள்களையும் பெரிய கத்திகளையும் பொலிஸ் நிலையங்களில் ஒப்படைக்கும்படி பொலிஸார் பொதுமக்களைக் கேட்டார்கள். அன்றாட வேலைக்குப் பாவிக்கும் கத்திகளுக்கு விலக்கு இருந்தது. அப்படியிருந்தும் தேங்காய் உடைக்கும் கத்தியைக்கூட வைத்திருக்கலாமா கூடாதா என்று சனம் தடுமாறியது. அந்த அறிவித்தல் நமக்குத் தரும் அளவுகோல் எளிமையானது: வேலை தெரிந்தால் சாமான், வேலை தெரியாவிட்டால் ஆயுதம்.

அதற்கு முந்திய கணக்கும் நம்மிடம் உண்டு. 2007 ஜூன் 7 அன்று விடியும் முன் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கத்து லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு வெளியே அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்தக் காலத்தில் வடக்கிலிருந்து வந்து தங்கியவர்கள் சவர அலகைக்கூடப் பையின் அடியில் ஒளித்து வைத்தார்கள். ஒளித்து வைத்ததே பிறகு சந்தேகமானது. இன்று சோதனைச் சாவடிகள் அந்த அளவுக்கு இல்லை. என்றாலும் நம் வீட்டுப் பெரியவர்கள் "உதை ஏன் கொண்டு திரியிறாய், வை வீட்டை" என்று சொல்வதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட வேண்டாம். அது பட்டறிந்தவர்களின் பேச்சு. மிகுந்த தேவை இல்லாதவர் கத்தி காவாமலே இருக்கலாம் என்பதுதான் என் எண்ணமும்.

தேவை இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? கடந்த ஒரு கிழமையில் எத்தனை தடவை கத்தி தேடினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்த கறுத்தக்கொழும்பான் பெட்டியின் நைலோன் கயிறு. கடையில் வந்திறங்கும் கடதாசிப் பெட்டிகள். வேலையிடத்தில் மத்தியானம் வெட்டித் தின்னும் கொய்யாப்பழம். தையலில் தொங்கும் நூல். மருந்துப் பைக்கற்றின் பிடிவாதமான பிளாஸ்ரிக். நம் நகரத்து வாழ்க்கை கேட்பது இவ்வளவுதான். இவற்றில் ஒன்றுக்குக்கூட நான்கு அங்குல அலகு தேவையில்லை. செவ்விளநீர் சீவத்தான் பெரிய கத்தி வேண்டும், அதைத் தெருவோரத்தில் விற்பவரே வைத்திருக்கிறார்.

என்னுடைய அளவு 6 சென்ரிமீற்றர். அலகு அதற்குள் அடங்கினால் மேலே சொன்ன எல்லா வேலைக்கும் போதும், பார்க்கிறவர் கண்ணிலும் அது சிறு கத்தியாகவே படும். வெளிநாட்டுச் சட்டங்கள் பலவற்றுக்குள்ளும் அடங்கிவிடும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

இனிப் பூட்டு. விரித்த அலகு திரும்ப மடியாமல் இறுகப் பிடிக்கிற பொறியைத்தான் பூட்டு என்கிறோம். பூட்டு இருந்தால் விரலுக்குப் பாதுகாப்பு என்பது உண்மை. ஆனால் பூட்டு உள்ள கத்தி குத்துவதற்கு உதவும் என்பதும் உண்மை, அதனால்தான் பல நாடுகளின் சட்டம் அதை வேறாகப் பார்க்கிறது. பழைய பேனாக்கத்தியில் பூட்டு இல்லை. முதுகுப் பக்கத்து வில் ஒன்றின் அழுத்தம்தான் அலகை நிறுத்தி வைக்கும். கொஞ்சம் பலமாகத் தள்ளினால் மடியும். கொழும்பில் நாள்தோறும் காவுவதற்கு நான் இதைத்தான் சொல்வேன். விரலைக் காப்பது பழக்கம்: பூட்டில்லாத கத்தியால் எதையும் குத்தித் துளைக்காதீர்கள், இழுத்து வெட்டுங்கள். துளை போட வேண்டுமானால் அதற்கு ஊசி இருக்கிறது.

பொத்தானை அமுக்கியதும் பாய்ந்து விரிகிற கத்தி, உதறினால் விரிகிற கத்தி, இரண்டு பிடியும் பிரிந்து சுழல்கிற கத்தி ஆகியவற்றைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அதேபோல் ஒற்றைப் பெருவிரலால் தள்ளி விரிக்கவென்று அலகில் குமிழோ ஓட்டையோ வைத்த கத்திகளையும் விட்டுவிடுங்கள். மீன்பிடிப் படகில் ஒரு கை கயிற்றில் இருக்கும்போது அது தேவைப்படலாம். காலி வீதியில் நிற்கிறவருக்கு இரண்டு கையும் சும்மாதான் இருக்கின்றன. அலகில் ஒரு நகப்பள்ளம் இருந்து, இரண்டு கையாலும் நிதானமாக விரிக்க வேண்டியிருப்பதே நல்லது. அந்த நிதானத்தைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. கறுப்புப் பூச்சு, பல்வைத்த அலகு, மண்டையோட்டுப் படம், படை வீரர் பாணிப் பெயர் எல்லாமே அந்த முதல் விதியை உடைக்கிறவை. சிவப்புப் பிடி இருக்கட்டும். பக்கத்தில் ஒரு சிறு கத்தரிக்கோல், ஒரு டின் வெட்டி, ஒரு நகஅரம் இருக்கட்டும். கூட இருக்கிற கத்தரிக்கோல்தான் உங்கள் சிறந்த சாட்சி.

இந்த வகையில் உலகம் முழுக்கத் தெரிந்தது சுவிஸ் கத்தி. கார்ல் எல்செனர் 1884 இல் சுவிற்சர்லாந்தின் ஈபாக் என்ற ஊரில் தொடங்கிய பட்டறையே பிறகு விக்டோரினொக்ஸ் ஆனது. 1891 இல் அவர்கள் சுவிஸ் படையினருக்குக் கத்தி வழங்கினார்கள். 1897 ஜூன் 12 அன்று அதிகாரிகளுக்கான இலகுவான கத்தியைச் சட்டப்படி பதிவு செய்தார்கள். இன்று சிவப்புப் பிடியோடு நாம் காண்பது அதன் வழிவந்ததுதான். இதில் அளவுகள் பல. மூடிய நிலையில் 58 மில்லிமீற்றர் நீளமுள்ள 'கிளாசிக்' சாவிக்கொத்தில் தொங்கும். எடை ஏறக்குறைய 20 கிராம். சிறு அலகு, கத்தரிக்கோல், நகஅரம், முள்வாங்கி, பற்குச்சி. அலுவலகத்தில் வேலை செய்கிறவருக்கும் மாணவருக்கும் இதற்கு மேல் வேண்டியதில்லை. அந்தச் சின்னக் கத்தரிக்கோல் அலகைவிடக் கூடுதலாக வேலை செய்யும். 84 மில்லிமீற்றர் வரிசையின் அலகு என் அளவைச் சற்றே தாண்டும். பழம் வெட்டுகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள் கையில் அது நன்றாக நிற்கும் என்பதால் அந்தச் சற்றை நான் பொறுத்துக்கொள்வேன். பலரும் வாங்கும் 91 மில்லிமீற்றர் கத்தியில் அலகு கிட்டத்தட்ட 7 சென்ரிமீற்றர். அது வீட்டுக்கும் பயணப் பெட்டிக்கும் சரி. 111 மில்லிமீற்றர் வரிசை பூட்டோடு வருவது, அதைச் சட்டைப் பைக்குக் கொண்டு வராதீர்கள்.

பிரான்சின் சவோய் மலைப் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890 இல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தியும் அழகானது, மலிவானது. அது இலக்கத்தால் அறியப்படும். 6 ஆம் இலக்கத்திலிருந்து மேலே உள்ளவற்றில் கழுத்தில் ஒரு வளையம் திரும்பி அலகைப் பூட்டும். அதை 1955 இல் சேர்த்தார்கள். 5 ஆம் இலக்கம் வரை வளையம் இல்லை. 5 இன் அலகு 6 சென்ரிமீற்றர், 4 இன் அலகு 5. வாங்குவதானால் இந்த இரண்டில் ஒன்று, அதுவும் கறள் பிடிக்காத உருக்கில். கரி உருக்கு அலகு கூர் நன்றாக ஏறும் என்று பெருமையாகச் சொல்வார்கள். வெள்ளவத்தையில் கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு தண்டவாளம்தான். அந்த உப்புக் காற்றில் கரி உருக்கு இரண்டு நாளில் மஞ்சள் புள்ளி போடும், எலுமிச்சம்பழம் வெட்டித் துடைக்காமல் வைத்தால் அன்றைக்கே கறுக்கும். மரப்பிடிக்கும் மாரியில் ஒரு குணம் உண்டு: ஈரம் குடித்து வீங்கி அலகை விரிய விடாது.

இவை இரண்டும் வேண்டாம், வேலை மட்டும் நடந்தால் போதும் என்பவருக்கு மூன்றாவது வழி, நீளமான அலகைத் துண்டு துண்டாக ஒடித்து எறியும் கடதாசி வெட்டி. ஜப்பானின் ஒசாகாவில் யோஷியோ ஒகாடா 1956 இல் கண்டுபிடித்தது. சொக்லேற் பாளத்தை ஒடிப்பதைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். புறக்கோட்டையில் பெட்டி பிரிக்கிற பொடியன்களின் உண்மையான கத்தி இதுதான். ஆனால் இது வேலையிடத்துச் சாமான். வேலை முடிந்து போகும்போது கடை மேசை லாச்சியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். தெருச் சண்டைகளில் அடிக்கடி வெளியே வருவதும் இதுவே என்பதால், கடைக்கு வெளியே இதற்கு நல்ல பெயர் கிடையாது.

வாங்குவது எங்கே? பழைய சோனகத் தெருவின் இரும்புச் சாமான் கடைகளில் கத்தி என்று கேட்டால் பெரும்பாலும் வெட்டுக்கத்தியும் மன்னாக் கத்தியும்தான் எடுத்து வைப்பார்கள். நடைபாதை விரிப்புகளில் சிவப்புப் பிடியும் வெள்ளைச் சிலுவையும் போட்ட போலிகள் குவிந்து கிடக்கும். போலி வாங்குவது குற்றம் என்று சொல்லவில்லை, அதன் வில் மூன்றாம் மாதம் தளரும், தளர்ந்த வில் உங்கள் விரலில் மடியும். சோதிப்பது சுலபம். பெரிய அலகின் அடியில், பிடியோடு சேரும் இடத்தில், கொம்பனிப் பெயர் தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும். அலகை விரித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆடக் கூடாது. மூடும்போது கடைசியில் தானே இழுத்துக்கொண்டு "டக்" என்று உட்கார வேண்டும். மூடிய கத்தியை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் வில்லுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது. நுனி பிடிக்குள் முழுக்க மறைந்திருக்கிறதா என்று விரலைத் தடவிப் பார்க்கவும். சட்டைப் பையைக் கிழிப்பது அந்த நுனிதான். கடைக்காரர் அவசரப்படுத்தினால், "முதலாளி, கொஞ்சம் பொறுங்கோ, திறந்து பாத்திட்டுத் தாறன்" என்று சொல்லுங்கள். திறந்து பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள். பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். முதல் சில நாட்களுக்கு அதைப் பணப்பையில் வைத்திருப்பதும் நல்லது.

காவுவது எங்கே என்பது வாங்குவதைவிட முக்கியம். இடுப்புப் பட்டியில் கொளுவி வெளியே தெரிய விடுவதும் கூடாது, காலுறைக்குள் செருகி மறைப்பதும் கூடாது. சாவிக்கொத்தில், அல்லது பேனா, நகவெட்டி, பிளாஸ்ரர் இருக்கிற அதே சிறு பையில், மூடிய நிலையில் இருக்கட்டும். சோதனையில் கேட்டால் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்: "சேர், பையுக்கை சின்னப் பேனாக்கத்தி ஒண்டு இருக்கு." கையை விட்டு எடுத்து நீட்டாதீர்கள், பையைத் திறந்து காட்டி அவரையே எடுக்க விடுங்கள். எதற்கு என்றால், "பலத்துரு கபன்ன, சேர்" என்று சிங்களத்தில் சொல்லலாம். பழம் வெட்ட என்பதுதான் அது, உண்மையும் அதுவாகவே இருக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் "பாதுகாப்புக்கு" என்று சொல்லாதீர்கள். தற்காப்பு உரிமை தண்டனைச் சட்டக்கோவையில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லால் சாவிக்கொத்தில் தொங்கிய சாமானை நீங்களே ஆயுதமாக்கிக் கொடுத்துவிடுகிறீர்கள். உண்மையாகவே பாதுகாப்புக்கென்று கத்தி தேடுகிறவர் இந்த அத்தியாயத்தை மூடிவிடலாம். கத்தி எடுத்தவனிடம் கத்தியோடு நிற்பதைவிட ஓடுவது எப்போதும் நல்லது, இரண்டு கத்தி உள்ள சண்டையில் இரண்டு பேருக்கும் வெட்டு விழும்.

வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டிய இடங்கள்: புதுக்கடை நீதிமன்றங்கள், தூதரகங்கள், பாராளுமன்றம், பரீட்சை மண்டபங்கள், கெத்தாராம மைதானத்துக் கிரிக்கெற். கொச்சிக்கடையில் 2019 க்குப் பிறகு பையைப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். ஆடிவேல் நெரிசலிலும் தேவையில்லை. ஆர்ப்பாட்டம், ஊர்வலம், தேர்தல் கூட்டம் எதற்கும் சாவிக்கொத்துக் கத்திகூட வேண்டாம். ஊரடங்கு அல்லது அவசரகாலச் சட்டம் அறிவித்த நாட்களில் மேலே எழுதியவை எல்லாம் செல்லாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குப் பென்சில் சீவக் கத்தி கொடுத்துப் பாடசாலைக்கு அனுப்பும் வழக்கம் எங்காவது மிச்சம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள், பென்சில் சீவி மலிவு.

பராமரிப்புப் பெரிய வித்தை இல்லை. பழம் வெட்டினால் தண்ணீரில் கழுவி, விரித்தபடியே காய விட்டு மூடுங்கள். பலாப்பழப் பால் ஒட்டினால் தண்ணீர் ஒன்றும் செய்யாது, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் வரும். அந்த எண்ணெயையே மூட்டுக்கு விடுவது நம் வீட்டு வழக்கம். நாளாக நாளாக அது பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும், ஆகவே மருந்துக் கடையில் கிடைக்கும் திரவ பரபின் ஒரு துளி போதும். கூர் போனால் சாணைக்கல்லில் 15 இலிருந்து 20 பாகைச் சாய்வில் இரண்டு பக்கமும் மெதுவாக இழுங்கள். கல் இல்லாதவர்கள் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மினுக்கம் பூசாத வளையத்தில் இழுக்கலாம். சின்ன அலகுக்கு நன்றாகவே வேலை செய்யும். சுற்றும் சாணைச் சக்கரத்துக்காரரிடம் கொடுத்தால் மெல்லிய அலகு சூடேறிப் பாழாகும், அவரிடம் அரிவாளையும் வீட்டுக் கத்தியையும் கொடுங்கள். மொட்டைக் கத்திதான் விரலைக் கூடுதலாக வெட்டும், ஏனென்றால் பலம் கொடுத்து அழுத்துவோம். விரலில் ஆழமாகப் பட்டு இரத்தம் நிற்காவிட்டால் துணியால் இறுக்கி அழுத்தியபடி 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள், காசு இல்லை.

கடைசியாக, பயணம். கட்டுநாயக்கவில் கைப்பைக்குள் கத்தி போகாது. சாவிக்கொத்தில் இருப்பதை மறந்து நிற்கிறவர்களால்தான் அந்த வரிசை மெதுவாக நகர்கிறது. பெட்டியோடு அனுப்புங்கள். இறங்கும் நாட்டின் சட்டம் வேறு. இலண்டன் போகிறவர்களுக்கு 1988 ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139 ஆம் பிரிவு முக்கியம்: வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்தியைப் பொது இடத்தில் காரணம் கூறாமலே வைத்திருக்கலாம். பூட்டு உள்ளது எவ்வளவு சிறியதானாலும் மடக்குக் கத்தியாக எண்ணப்படாது என்று அங்குள்ள நீதிமன்றங்கள் தீர்த்திருக்கின்றன. அதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். ஜேர்மனியில் ஒற்றைக் கையால் விரிந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைக் காவுவதற்கு 2008 முதல் தடை. கனடாவில் நீளத்துக்கு வரம்பு இல்லை, ஆனால் பொத்தானாலோ உதறலாலோ விரிகிற கத்தி வைத்திருப்பதே குற்றம். இந்தியாவின் ஆயுத விதிகள் 9 அங்குலம் என்று தாராளமாகப் பேசுகின்றன, அதை நம்பிச் சென்னையில் பெரிய கத்தியோடு திரிய வேண்டாம். மாமா வீட்டுக்குப் பரிசாகச் சுவிஸ் கத்தி கொண்டு போகிறவர்கள் கடையின் பெட்டியைப் பிரிக்காமல், பற்றுச்சீட்டையும் உள்ளே வைத்து, பெரிய பெட்டியின் நடுவில் உடுப்புக்குள் சுற்றி வையுங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்த மருமகனுக்கு என்றால் அதை அவன் தாயின் கையில் கொடுங்கள்.